மெல்பர்ன் எவ்வளவு தூரம்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் ரயிலில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆன்டி கேட்டார்.

“ஏம்மா, மெல்பர்ன்லேர்ந்து இங்க வர பிளேன்ல எவ்ளோ நேரம்? ரெண்டு நாளாகும், லீவு பத்தாதுன்னு மகன் சொல்றான்.”

கைப்பேசியில் பார்த்தேன். ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நேரடி விமானத்தில் எட்டு மணி நேரம். கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

“ஆமா ஆன்டி, ரொம்ப தூரம்தான்.”

அவர் முகம் தெளிந்தது. “அதான் பாத்தேன். பொய் சொல்ற பையன் இல்ல லா. நீ எங்க போற?”

“அம்மா வீட்டுக்கு.”

“வாரா வாரமா?”

“ஆமா ஆன்டி.”

மூன்று மாதம் கழித்து இன்றுதான் போகிறேன். ரயிலில் ஒரு மணி நேரம். தூரம் என்றுதான் நானும் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆன்டியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லுங்கள். அம்மா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆனவர்கள் மட்டும் அந்த மகனைத் திட்ட வேண்டாம்.