மைக்செட்காரரின் பரிவட்டம்

"கட்டு சாமி, தலை ஒண்ணும் சுடாது."

எங்கள் ஊர் அம்மன் கோவில் வாசலில் அவர் பூசாரியிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கையிலிருந்த மைக்கை அணைக்கவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பீர்க்கன்கரணை ஏரிக்கரை வரைக்கும் கட்டியிருந்த குழாய்களில் எல்லாம் அந்த வார்த்தை கேட்டது. பரிவட்டப் பட்டுத்துணியைப் பிடித்திருந்த பூசாரியின் கை அவர் தலைக்கு மேலே அப்படியே நின்றது. கூழ் வாங்கச் சொம்போடு வந்திருந்த கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. நான் தாலியைப் பிடித்துக்கொண்டு, 'தாயே, இங்கே ரத்தம் விழக்கூடாது' என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவரை நாங்கள் மைக்செட்காரர் என்றுதான் சொல்வோம். அவருடைய அப்பா எங்கள் திருவிழாவுக்குப் பறை அடித்தவர். அடித்து முடித்ததும் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். பிரசாதம் அங்கே போகும், அவர் இங்கே வரக்கூடாது. நான் மருமகளாக வந்த புதிதில் கண்ணால் பார்த்தது இது. மகன் பறையைத் தொடவில்லை. தாம்பரத்தில் ஒரு கடையில் தொழில் கற்று, சொந்தமாக மைக்செட் வைத்தார். காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு என்று எதற்கும் அவர் வேண்டியிருந்தது. எல்லார் வீட்டுக்கும் போனார், எல்லார் பேச்சையும் கேட்டார். கவுன்சிலருக்கு நிற்கிறவர்கள்கூட முதலில் அவரோடு டீ குடித்துவிட்டுத்தான் நாமினேஷன் போடப் போவார்கள். கோவில் கமிட்டிக்கு அவரை யாரும் அழைத்ததாக ஞாபகம் இல்லை. ஒருநாள் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பரிவட்டம் எங்கள் குடும்பத்துக்கு வந்த மரியாதை. ஆடி மாதம் கூழ் வார்க்கும் நாளில், அம்மனுக்குச் சாத்திய பட்டை எங்கள் வீட்டு மூத்தவர் தலையில் கட்டிய பிறகுதான் முதல் கரண்டி கூழ் ஊற்றுவார்கள். மாமனாருக்குப் பிறகு என் கணவரின் அண்ணன் கட்டிக்கொண்டார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வீடும் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் ஒரு வேலிகூடக் கிடையாது. அவர்கள் வீட்டுக் குழம்பு வாசனை வந்தால் எங்கள் வீட்டிலிருந்து கிண்ணம் போகும்.

ஒரு கமிட்டிக் கூட்டத்தில் மைக்செட்காரர்தான் பேச்சை எடுத்தார். "நாளைக்கு மரியாதைக்கு ரெண்டு பேரு நின்னா இன்னா செய்யறது? ரெண்டு பேருக்கும் வேணாம், கமிட்டி பொதுவா ஒருத்தருக்குக் கட்டிரலாம். இன்னா சொல்றீங்க பெரியவரே?"

மாமா சிரித்தார். "என் வூட்டுல எவன்டா ரெண்டாவது ஆளு? தாராளமா வெச்சுக்கடா."

அன்றைக்கு அது நல்ல யோசனையாகத்தான் எல்லோருக்கும் பட்டது.

மைக்செட்காரர் பொய்யே சொல்லவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். என் கணவர் டீக்கடையில், "அண்ணனுக்கு வயசாவுது, வெயில்ல அவ்ளோ நேரம் நிக்க வேணாம்ப்பா" என்று அக்கறையாகச் சொன்னார். அது மாமா காதுக்கு எப்படிப் போனது தெரியுமா? "உங்களுக்கு வயசாயிடுச்சு, நிக்க வேணாம்னு சின்னவரு சொல்லிக்கினு இருக்காரு." மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் சாவற வரிக்கும் அவன் தலையில துணி ஏறாது" என்றார். இந்த வார்த்தையை மட்டும் மைக்செட்காரர் ஒரு எழுத்து மாற்றாமல் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்தார். அடுத்த வாரம் ஜிஎஸ்டி ரோடு முனையில், என் கணவர் படத்தைப் பெரிதாகப் போட்டு ஒரு பேனர் நின்றது. யார் வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில் எழும்பிவிட்டது.

திருவிழா அன்று கூழ்ப் பானைக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி, இரண்டு பேரும் பட்டுக்கு நின்றார்கள். என் கணவர் மாமாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். என் ஓரகத்தி அக்கா ஓடிவந்து நடுவில் விழுந்தார். அப்போது மைக்கில் குரல் வந்தது. "அமைதி, அமைதி. பெரியவரு அன்னிக்கு ஒத்துக்கினதுதான். ரெண்டு பேருக்கும் வேணாம்." கமிட்டியில் ஒருவர், "அப்ப நீயே கட்டிக்கபா, கூழு ஆறுது" என்றார். மைக்செட்காரர் பட்டுக்குத் தலை குனிந்தார். பூசாரி தயங்கினார். தலை சுடாது என்று அவர் சொன்னது அப்போதுதான். பட்டு ஏறியது. ஆனால் அவர் கண் அம்மனைப் பார்க்கவில்லை. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது.

மத்தியானம் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். "ஒண்ணா இருந்த குடும்பத்தப் பிரிச்சுட்டீங்களே, இது நல்லாருக்கா?"

அவர் நிமிரவில்லை. "ஒண்ணா இருந்தப்போ எங்கப்பன உள்ள வுட்டீங்களா அண்ணி?"

அவர் நேராகக் கேட்டிருந்தால் பரிவட்டம் கொடுத்திருப்போமா? மாட்டோம். அவருக்குக் கிடைத்தது நியாயம்தான் என்று இப்போது விளக்கின் முன்னால் உட்கார்ந்தால் தோன்றுகிறது. அதற்கு விலையாகப் போனது என் வீடாச்சே என்றும் தோன்றுகிறது. இரண்டையும் அம்மனிடமே விட்டுவிட்டேன். இன்றும் ஆடிக்கு ஆடி அவர் தலையில்தான் பட்டு ஏறுகிறது. மாமா கோவில் பக்கமே வருவதில்லை.

இந்த ஆடியில் எனக்கு மனசு கேட்கவில்லை. தூக்குவாளியில் கூழ் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். என் கணவர் வெடுக்கென்று, "அவன் வூட்டுக்கா? கூழு குடிச்சா அவனுக்கு சுகர் ஏறும், போ" என்றார். சாபம் மாதிரிதான் சொன்னார். மதிலைச் சுற்றித் தெருவழியாகப் போனேன். மாமா நாற்காலியில் சாய்ந்திருந்தார், தூக்கைப் பார்த்தார்.

"அவன் சொல்லி அனுப்பிச்சானா?"

இல்லை என்று சொன்னால் அந்த மதில் நாங்கள் போய்ச்சேர்ந்த பிறகும் நிற்கும். மைக்செட்காரர் இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்தேன்.

"கூழு குடிச்சா உங்களுக்கு சுகர் ஏறும்னு சொன்னாரு மாமா."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தாயே, மன்னித்துக்கொள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா மதில் பக்கம் திரும்பினார்.

"பெருசா சொல்ல வந்துட்டான். அவனுக்கு மட்டும் இல்லியா சுகரு? அந்தச் செருப்ப எடும்மா."

அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மெதுவாக நடத்திக் கூட்டிவந்தோம். எங்கள் கேட்டில் நின்றிருந்த என் கணவர் உள்ளே போகவும் தெரியாமல் வெளியே வரவும் தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டார். மாமா மூச்சு வாங்க அவர் எதிரில் நின்றார்.

"எத்தினி டம்ளருடா கூழு குடிச்சே?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணுதாண்ணா."

அவர் குடித்தது மூன்று.