மேட்டுக்காட்டுக்குப் போன நான்கு குடும்பங்கள்

காசியம்மாள் செய்யூருக்குக் கிழக்கே உப்பங்கழியோரம் பிறந்தவள். சவுக்குத் தோப்பில் கட்டை அடுக்கியே முதுகு வளைந்துபோனவள். ஒரு கார்த்திகைப் புயலில் கழித்தண்ணீர் ஏறி அவர்கள் தெருவையே கொண்டுபோனது. பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அரைப்பரீட்சை வந்ததும் காலிசெய்யச் சொன்னார்கள். மேற்கே, ஏரிக்கு அப்பால் மேட்டுக்காட்டில் அரசாங்கம் மனை ஒதுக்கியிருந்தது. ரோடு இல்லை, கரண்ட் இல்லை. போக்கிடமும் வேறு இல்லை.

மார்கழித் தூறலில் நான்கு குடும்பங்கள் ஒரே டிராக்டரில் கிளம்பின. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து தரைப்பாலம் முழுகிக் கிடந்தது. சக்கரம் சேற்றில் இறங்கியதும் டிரைவர் டிரெய்லரைக் கழற்றிவிட்டுத் திரும்பிவிட்டான். தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை மேல் சுற்றி நடந்தார்கள். காசியம்மாளின் புருஷன் தாவீது, வெள்ளத்தில் மிஞ்சிய பழைய வீட்டுக் கதவைத் தலையில் சுமந்தான். அதன் அடியிலேயே மகள் அன்பரசி கைக்குழந்தையோடு ஒண்டி நடந்தாள்.

பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் தன் குடும்பத்தோடு வழியில் நின்றுவிட்டாள். "என்னால முடியாதுக்கா. தங்கச்சி வூட்டுக்கே போறேன்."

காசியம்மாள் தடுக்கவில்லை.

இருட்டும் நேரத்தில் ஒரு பம்ப்செட் கொட்டகையில் ஒதுங்கினார்கள். வாடைக்காற்றில் குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அழுகைகூட நின்றுபோயிருந்தது. பொறுக்கிவந்த சுள்ளி நனைந்து, புகைந்து அணைந்தது.

"கதவப் பொள," என்றாள் காசியம்மாள்.

"ஒரு கதவுதான்மே கீது."

"வூடே இல்ல. கதவு இன்னாத்துக்கு?"

தாவீது அரிவாளை எடுத்தான். மேலே ஈரம், உள்ளே காய்ந்த வேப்பம்பலகை. கொட்டகையில் கிடந்த சைக்கிள் டயர்த் துண்டோடு சேர்த்துப் பற்றவைத்தார்கள். மூன்று குடும்பமும் அந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தது. வெகுநேரம் கழித்து குழந்தை சிணுங்கி, பாலுக்கு வாய் வைத்தது. அன்பரசி அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் மேட்டுக்காட்டை அடைந்து, முள்ளை வெட்டித் தார்ப்பாய் கட்டினார்கள். தாவீதுக்கு அன்று பிடித்த சளி நெஞ்சில் தங்கிவிட்டது. இன்றும் கனமான வேலைக்குப் போவதில்லை. காசியம்மாள்தான் விடிந்ததும் பஸ் பிடித்துக் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் பெருக்கித் துடைக்கப் போகிறாள். திரும்பி வரும்போது காலைத் தூக்கி வைப்பதே பாரமாக இருக்கிறது.

போன கோடையில் ஜெகதாம்பாளும் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தாள். "இங்க எப்டிக்கா கீது?" என்று தயங்கிக் கேட்டாள்.

"தண்ணி லாரி வியாழக்கெழம வரும்," என்றாள் காசியம்மாள், அவள் தோளிலிருந்து மூட்டையை வாங்கியபடி. "கொடத்த முன்னாடியே எடுத்து வெச்சிக்கோ."