கிரேன் பஸ்ஸில் ஒரு சீட்

கொட்டாஞ்சேனை இராமருக்கு இரண்டு வேலைகள். கோட்டைப் பகுதியில் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டை மேலும் கீழும் ஓட்டுவது ஒன்று. புளூ கிரேன் உதைபந்தாட்டக் கழகத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துவது மற்றது. முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதற்குத் தொண்டை வலி மட்டும்தான். லிஃப்டில் ஏறுகிறவர்கள் இருபத்தேழு வருடமாக அவரிடம் மாடி எண்ணைச் சொல்லியிருக்கிறார்களே தவிர, ஒருவரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. மைதானத்து மதிலோரம் நின்று கத்துவதும் அதே இருபத்தேழு வருடமாகத்தான். அங்கேயும் யாரும் கேட்டதில்லை.

வெளியூரில் ஆட்டம் என்றால் அணியின் பஸ் முன்னால் போகும். இராமரும் மற்ற ரசிகர்களும் ஒரு லொறியில் நின்றபடி பின்னால் போவார்கள். அந்த பஸ்ஸில், வீரர்களுக்கு நடுவில், ஒருமுறையாவது உட்கார்ந்து போகவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. வீடு திருத்துவது, சீட்டுக் கட்டுவது போன்ற சில்லறை ஆசைகளில் இராமரின் மனம் என்றைக்கும் போனதில்லை.

இந்த வருடம் கழகத்துக்குச் சுற்றாடல் ஞானம் பிறந்தது. ஒரு சோடாக் கொம்பனி அனுசரணை தர முன்வந்தது. ஊரெல்லாம் பிளாஸ்டிக் போத்தலை நிறைப்பவர்களே அதை ஒழிக்கவும் முன்வந்ததில் செக்ரட்டரி ஸாலிஹுக்குக் கண் கலங்கிவிட்டது. கழகத்து வாசலில் பெரிய பதாகை தொங்கியது: ‘குப்பையிலும் கோல் அடிப்போம்!’ ரசிகர்கள் வீட்டில் சேரும் பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து ஞாயிறுதோறும் கொண்டுவர வேண்டும். கழகம் நிறுத்துப் புள்ளி போடும். சொந்த வீட்டுக் குப்பை மட்டும்தான் செல்லும். சீசன் முடிவில் அதிகப் புள்ளி எடுத்த வீட்டுக்கு, குருநாகலில் நடக்கும் இறுதியாட்டத்துக்கு அணி பஸ்ஸில் ஒரு சீட்.

கடைசி வரியை இராமர் மூன்று முறை வாசித்தார். அதுவரை பகல் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு சோறு சுற்றிவந்த பிளாஸ்டிக் லஞ்ச்சீட்டைச் சுருட்டி அடுத்த வளவுக்குள் எறிந்த மனிதர் அவர். அன்று மாலை யோகட் கப்பைக் கழுவிக்கொண்டு நின்றார். மனைவி பெத்தாள் குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

“கல்யாணம் முடிச்சு இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு கோப்பை கழுவுன கையா இது?”

“இது வேற விஷயம். இது சுற்றாடல்.”

“ஆமா. அந்தச் சுற்றாடலுக்கு மூணு வாளி தண்ணி போயிருச்சு.”

கழுவக் கழுவ வீட்டில் பிளாஸ்டிக் தீர்ந்துபோனது. அப்போதுதான் இராமரின் மூளை வேலை செய்தது. சுடவைத்து ஆறவைத்த தண்ணீர் அந்த வீட்டிலிருந்து விடைபெற்றது. போத்தல் தண்ணீர் வந்தது. மெகா போத்தலில் சோடா வந்தது. ஒரு டசின் யோகட்டை ஒரே நாளில் வாங்கிவந்து, கெட்டுப்போகுமுன் தின்னச் சொல்லி வீட்டில் எல்லோரையும் வதைத்தார். சுற்றாடலுக்காக அந்த வீடு இவ்வளவு பிளாஸ்டிக்கை அதற்கு முன் கண்டதேயில்லை.

இரண்டாம் வாரம் கழகத்துப் பையன்கள் மூட்டைகளை மாற்றி, அவர் புள்ளியைப் பக்கத்து வீட்டுக்குப் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு இராமர் யாரையும் நம்பவில்லை. அழியாத நீல மார்க்கர் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு போத்தலிலும் ‘இராமர் 46/3’ என்று பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதினார். சாதாரண தரப் பரீட்சை அட்மிஷன் கார்டில்கூட அவர் அவ்வளவு அழகாக எழுதியதில்லை.

எட்டாவது வாரம் அவர் முதலிடத்தில் இருந்தார். ஒன்பதாவது வாரம் முத்தப்பன் வந்தார்.

முத்தப்பன் புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரி. குடியிருப்பது வெள்ளவத்தையில், கடல் தெரியும் ஃப்ளாட்டில். கிரேன் வெல்லும் வருடங்களில் மட்டும் அவருக்குக் கிரேன் மீது பாசம் பொங்கும். காரின் டிக்கியிலிருந்து ஏழு உரப்பைகளை இறக்கினார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான்.

“ரெண்டு பேரு இவ்வளவு குடிச்சீங்களா முதலாளி?” என்று கேட்டார் இராமர்.

“வெள்ளவத்தையில வெயில் ஜாஸ்தி” என்றார் முத்தப்பன்.

அடுத்த ஞாயிறும் ஏழு பை. அதற்கடுத்த ஞாயிறு ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்று தராசில் ஏறும்போது வாய்க்கட்டு அவிழ்ந்தது. ஒரு மெகா போத்தல் உருண்டுவந்து இராமரின் செருப்பில் முட்டி நின்றது. குனிந்து எடுத்தார். நீல மையில், நல்ல முத்து முத்தான எழுத்தில், ‘இராமர் 46/3’.

அவர் பையைத் தலைகீழாகக் கொட்டினார். இன்னும் பதினொரு இராமர்கள் விழுந்தார்கள்.

“இது என் வீட்டுப் போத்தல்!”

“விருந்தாளி கணக்கா எங்க வீட்டுப் பக்கம் வந்திருக்கும்” என்றார் முத்தப்பன், முகம் மாறாமல்.

விஷயம் விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. கழகம் சேர்க்கும் போத்தல்கள் கிராண்ட்பாஸில் பழைய போத்தல் கடை வைத்திருக்கும் பலீலிடம் போகும். பலீலிடமிருந்து முத்தப்பனின் காருக்குப் போகும். காரிலிருந்து மறுபடி கழகத்துத் தராசுக்கு வரும். மூட்டையை ஏற்றிப்போக லொறியுடன் வந்திருந்த பலீல் எதையும் மறைக்கவில்லை.

“நான் யாவாரி. கேட்டா குடுக்கிறேன். இவர் மட்டுமா வாங்கின? ஒங்கட மதிலோரத்து ஆக்கள்ல பாதிப் பேர் வாங்கி ஈக்கிறாங்க. நீங்கதான் இன்னும் வரல்ல.”

மதிலோரத்து ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

இராமர் கத்தத் தொடங்கினார். இருபத்தேழு வருடம் நடுவர்களைத் திட்டிப் பழகிய தொண்டை அது. சோடாக் கொம்பனி அதிகாரி ஒருவர் கமராவுடன் கழகத்துக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்ததால், ஸாலிஹ் ஓடிவந்து இராமரைத் தோளில் அணைத்து ஜேர்சிகள் வைக்கும் அறைக்குள் தள்ளினார்.

“சத்தம் போட வாணா, இராமர் அண்ணன். ஸ்பொன்சர் ஆக்கள் ஈக்கிறாங்க.”

“ஒரே போத்தலுக்கு நாலு தரம் புள்ளியா? இது என்னா திட்டம்?”

“மறுசுழற்சி எண்டா என்னா? சுத்துறதுதானே. சுத்தட்டுமே.” ஸாலிஹ் குரலைத் தாழ்த்தினார். “இந்த வருஷம் விசேஷப் பரிசு ஒண்டு ஈக்கி. ‘நேர்மையான இல்லம்’. இப்பதான் முடிவு செஞ்ச. அதுக்கும் பஸ்ல ஒரு சீட். ஜன்னல் பக்கம்.”

இராமரின் நாக்கில் அப்போது பல சொற்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் காரமானது. அவர் அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கினார்.

பத்து நிமிடத்தில் வெளியே வந்து, தன் பெயர் எழுதிய போத்தலை நெஞ்சோடு பிடித்து, கமராவைப் பார்த்து, “இது ரொம்ப நல்ல திட்டமுங்க” என்றார்.

வீட்டில் பெத்தாள் முழுக் கதையையும் கேட்டாள்.

“அப்ப களவுன்னு தெரிஞ்சும் பேசாம வந்துட்டீங்க?”

“ஜன்னல் பக்கமாம்.”

“நல்லதுதான். வாயை மூடிக்கிட்டு இருக்கிறவனுக்குக் காத்து எதுலயாவது வரணுமே.”

இறுதியாட்டத்தன்று காலை இராமர் நீலச் சட்டையை இரண்டு தரம் ஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். முன்வரிசையில் முத்தப்பன், அவர் மனைவி, மனைவியின் தம்பி. அடுத்து சோடாக் கொம்பனி ஆட்கள், கொமிட்டிக்காரர்கள், கொமிட்டிக்காரர்களின் மாமனார்கள். பின்னால் பப்பரே வாத்தியக் கோஷ்டி. மடிதோறும் கேக் பெட்டி. அந்த பஸ்ஸில் பந்தை உதைக்கக்கூடிய கால் ஒன்றுகூடத் தென்படவில்லை.

“விளையாடுற புள்ளைங்க எங்க?” என்று இராமர் ஸாலிஹிடம் கேட்டார்.

“வேன்ல அனுப்பிட்டம். இங்க எடம் பத்தல்ல.”

வேனில் பதினாறு பேர் என்று பிறகு தெரிந்தது. இராமர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பின்னால் லொறியில் நண்பர்கள் கொடியை ஆட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் கையசைக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. வழியில் நிட்டம்புவையில் ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். சாப்பிட்டார்.

மைதான வாசலில் பஸ் நின்றதும், வீரர்கள் வருகிறார்கள் என்று ஊர் சனம் வெடி கொளுத்தியது. முதலில் இறங்கியது இராமர். வெடிச்சத்தம் தானாக அடங்கியது. லொறியிலிருந்து குதித்து ஓடிவந்தான் அபிஷன், மதிலோரத்தில் அவர் பக்கத்தில் நின்று கத்துகிற இளவட்டம்.

“அண்ணே, எப்புடி? கெப்டன் கதைச்சாரா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் சீட் எப்படிக் கிடைத்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

“வழி முழுக்க எங்கூடத்தான் கதைச்சாரு. நாலாம் நம்பர் பையனுக்கு முழங்கால் சரியில்லையாம். ‘என்னா செய்யலாம் அண்ணே’ன்னு எங்கிட்ட கேட்டாரு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

இராமர் வாயைத் திறந்தார். அப்போது டயர் பஞ்சராகிப் பிந்திப்போன வேன் புகையைக் கக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் வந்து நின்றது. கதவு திறந்தது. புளூ கிரேன் அணி, மடித்துவைத்த துணியைப் பிரிப்பதுபோல ஒவ்வொருவராக வெளியே வந்தது. நாலாம் நம்பர் மட்டுமல்ல, பதினாறு பேருமே நொண்டினார்கள்.

அபிஷன் வேனைப் பார்த்தான். பஸ்ஸைப் பார்த்தான். பிறகு இராமரைப் பார்த்தான்.

கெப்டன் இடுப்பைப் பிடித்தபடி இறங்கி, எதிரில் நின்ற இராமரின் கையில் சப்பாத்து மூட்டையைத் திணித்தார். “ஐயா, இதக் கொஞ்சம் உள்ளுக்குக் கொண்டு வாங்க.”

இராமர் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நல்ல கனம். வாசலுக்குப் போகுமுன் அபிஷன் பக்கம் திரும்பினார்.

“கேட்டுச்சா? கதைச்சாரு.”