சேலம் லைனில் வந்த குரல்

அக்காவின் தலைமுடியில் ஒரு பள்ளம் இருந்தது. உச்சியிலிருந்து காதுவரை இறங்கும் அந்தப் பள்ளம், வருடக்கணக்கில் ஹெட்போன் பட்டை அழுத்தி உண்டானது. பெருநாளன்று எண்ணெய் தேய்த்துப் படிய வாரி வந்தாலும் அது மறையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம். அவருடைய அப்பா தருமபுரிக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கல்யாணம் பேசி வந்த இரண்டு இடங்கள் வேலையை விடச் சொன்னதால் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது என்று அவரே ஒருமுறை சொன்னார். வருத்தப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பொம்மிடி ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்த ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். டாக்டர் வீடு, அரிசி மில், மண்டிக்காரர்கள், போலீஸ் ஸ்டேஷன் என்று கொஞ்சம் இணைப்புகள்தான். அங்கே ஒருவர் கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் போர்டில் ஒரு சின்ன மூடி விழும். நாங்கள் ஒயரைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு இணைப்போம். வெளியூர் என்றால் தருமபுரி லைனிலோ சேலம் லைனிலோ ட்ரங்க் கால். நடுவில் ஒரு கீயைத் தட்டினால் போதும், இரண்டு பக்கமும் பேசுவது எங்கள் காதில் விழும். ஊரில் யாருக்கு என்ன நோய், எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள், எல்லாமே எங்கள் விரல்நுனியில் இருந்தது. கேட்டதை வெளியே சொல்லமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். அக்கா அதைக் காகிதத்தோடு விட்டவர் இல்லை. இணைப்பு கிடைத்ததும் "பேசுறீங்களாங்க?" என்று ஒரு முறை கேட்பார். உடனே கீயை மூடிவிடுவார். போனில் சொல்லும் தந்திகளை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிப் படித்துக் காட்டுவார். "ஒரு எழுத்து மாறுனா ஒரு குடும்பத்துல கலவரம்" என்பார். மழையில் லைன் அறுந்தால், லைன்மேன் கம்பம் ஏறி முடிக்கும்வரை சாப்பிடப் போகமாட்டார். அந்த நேரத்தில் டாக்டருக்கு யாராவது கைப்பிடியைச் சுற்றினால் என்ன ஆவது என்பது அவர் கவலை.

அந்த வருடம் பள்ளி திறந்தபோது ஊருக்கு ஒரு டீச்சர் புதிதாக வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கூடவே பால்வாடிக்குப் போகிற வயதில் ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அலுவலக முகப்பில் இருந்த பொது போனுக்கு வந்து ஓசூருக்கு ட்ரங்க் கால் போடுவார். அங்கே அவருடைய அம்மா பக்கத்துக் கடைக்கு வந்து பேசுவார். டீச்சரின் முன்கையில் பழைய தீக்காயத் தழும்பு ஒன்று இருந்தது. புருஷனிடமிருந்து தப்பி வந்திருக்கிறார், அந்த ஆள் தேடிக்கொண்டிருக்கிறான், தன்னைக் கேட்டு யார் வந்தாலும் தெரியாது என்று சொல்லவேண்டும். இதை அவர் அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அக்கா என்னிடம் சொல்லவில்லை. எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியான வேளையில் அந்தக் கால் வந்தது. பேசியவன் குரலை நான் கேட்கவில்லை. அக்கா பேசியது மட்டும் காதில் விழுந்தது. "சொல்லுங்க சார்" என்றார். "ஆமாங்க சார், ஓசூருக்கு வாரவாரம் போகுது" என்றார். கொஞ்சம் தயங்கினார். பிறகு, "பொது போன்லேருந்துதாங்க. இங்க ஸ்கூல் டீச்சரு" என்றார். தருமபுரி அலுவலகத்திலிருந்து உதவிப் பொறியாளர், ஓசூர் லைனில் கோளாறாம், யார் எங்கிருந்து பேசுகிறார்கள் என்று சரிபார்க்கிறார்களாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த மூடியைப் பார்க்கப் போனார். அவ்வளவுதான். இரண்டு நிமிடப் பேச்சு.

அந்த வாரக் கடைசியில் டீச்சர் ஓடி வந்தார். செருப்பு இல்லை. பால்வாடிக்கு ஒரு ஆள் வந்து, நான்தான் அப்பா என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிப் போய்விட்டான். குழந்தை அவனை அடையாளம் கண்டு அப்பா என்றதால் ஆயாவும் விட்டுவிட்டாள். ஓசூருக்கு அவசரக் கால் போட்டோம். அங்கே வரவில்லை என்று அம்மா அழுதார். ஸ்டேஷனுக்குப் போனதற்கு, புருஷன் பொண்டாட்டி விவகாரம், பெற்றவன்தானே கொண்டுபோயிருக்கிறான், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். பெஞ்சில் உட்கார்ந்து, இந்த ஊர் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று டீச்சர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தார். நோன்பு மாதம்; காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத முகம். அது இன்னும் வற்றிப்போனதைப் பார்த்தேன். எழுந்து போய் டீச்சர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நான்தாங்க டீச்சர் சொன்னேன். ஆபீசர்னு நெனச்சுச் சொல்லிட்டேன்."

டீச்சர் கத்தவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எப்ப டியூட்டின்னு பாத்துத்தானுங்க நான் வருவேன்" என்றார். திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

அப்போதுதான் அக்காவுக்கு அது உறைத்தது. அந்தக் கால் சேலம் லைனில் வந்தது. தருமபுரி அலுவலகத்து அதிகாரி தருமபுரி லைனில்தானே வரவேண்டும்? அந்த நேரத்தில் அது மனதில் படவே இல்லை. பதவிப் பெயரைச் சரியாகச் சொன்னான், எங்கள் வேலையின் வார்த்தைகளைத் தடுமாறாமல் பேசினான், சற்று அதட்டினான். அது போதுமாக இருந்திருக்கிறது.

சேலம் போர்டில் அக்காவுக்கு ஒரு சிநேகிதி உண்டு. நேரில் பார்த்ததில்லை, குரல் பழக்கம். அன்று அந்தக் கால் எங்கிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டால் தெரிந்துவிடும், கேளுங்கள் என்று டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா ஒயரைக் கையில் எடுத்துவிட்டார். செருகவில்லை. ஒரு குரலை நம்பி நான் செய்ததையே அவளையும் செய்யச் சொல்வதா என்று அவர் யோசித்தது ஒன்று. அதைவிடப் பெரிய யோசனை இன்னொன்று இருந்தது. இடம் தெரிந்து என்ன பயன்? போலீஸ் வராமல் டீச்சர் தனியாக அங்கே போனால் அவருக்கு என்ன நடக்கும்? போலீஸ் வருவதற்கு ஒரே வழிதான் இருந்தது. அப்பன் பிள்ளையைக் கொண்டுபோனது அவர்களுக்கு வழக்கு இல்லை. ஆனால் ஒருவன் அரசாங்க அதிகாரி என்று பொய் சொல்லித் தகவல் வாங்கியிருக்கிறான், அது வழக்கு. அதை எழுதிக் கொடுக்க வேண்டுமானால், ரகசியத்தை வெளியே சொன்னவள் நான்தான் என்று தன் கையாலேயே எழுதவேண்டும்.

எங்கள் பொறுப்பாளர் நல்ல மனிதர். பதறிப்போனார். "நீங்களா போயி மாட்டிக்காதீங்கம்மா. யாருக்கும் தெரியாது. வேலையே போயிரும்" என்றார். அவருக்கும் பயம் இருந்தது, அக்கா மேல் அக்கறையும் இருந்தது. அக்கா அவரிடம் அரைநாள் லீவு கேட்டார். கிடைத்ததும் டீச்சரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். சப்-இன்ஸ்பெக்டர் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும், எழுதியதைப் படித்த பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து டீ வரவழைத்தார் என்றும் டீச்சர் பின்னால் சொன்னார். அக்கா நோன்பு என்று சொல்லி அந்த டீயை டீச்சரைக் குடிக்க வைத்திருக்கிறார். டீச்சர் அன்று முழுக்க எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் போலீசார் முறைப்படி சேலத்தில் விசாரித்தார்கள். தொப்பூர்க் கணவாயில் லாரிகள் நிற்கும் ஒரு ஓட்டலில் இருந்து போட்ட கால் அது. ஓட்டல்காரர் அந்த ஆளுடைய கூடப்பிறந்தவளின் புருஷன். ஓட்டலுக்குப் பின்புறம், அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில் குழந்தை இருந்தது. காய்ச்சலாக இருந்தது; வேறு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கர்நாடகத்துக்குள் எங்கோ கொண்டுபோயிருப்பார்கள்.

அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பது விசாரணையில் தெரிந்தது. பழகிய ஒரு லைன்மேனிடம் டீ வாங்கிக் கொடுத்து அலுவலகப் பேச்சும் அதிகாரியின் பதவியும் தெரிந்துகொண்டிருக்கிறான். ஓசூர்க் கடைக்காரர், ஞாயிற்றுக்கிழமை கால் வரும் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். இணைக்கும்போது ஆபரேட்டர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதைக் கடைப்பையன் கேட்டிருக்கிறான். இதில் யாருமே ரகசியம் எதையும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு துண்டு கொடுத்தார்கள், அவன் சேர்த்துத் தைத்துக்கொண்டான். கடைசித் துண்டு அக்காவிடம் இருந்தது.

அக்காவைச் சஸ்பெண்ட் செய்தார்கள். சில மாதங்கள் கழித்துத் திரும்ப எடுத்தார்கள். பதவி உயர்வு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. அவர் வேலைக்குத் திரும்பியபோது டீச்சர் ஊரில் இல்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். எந்த ஊர் என்று எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா விசாரிக்கவும் இல்லை.

அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எந்த அதிகாரி பேசினாலும், "வைங்க சார், உங்க ஆபீஸ் நம்பருக்கு நானே கூப்பிடறேன்" என்பார். ஒருமுறை உண்மையான பொறியாளரே வெளியூரில் ஒரு கடை போனிலிருந்து பேசி, இவர் அசையாததால் கோபப்பட்டு மெமோ அனுப்பினார். வேலை தாமதமானதும் உண்மைதான். அக்கா மெமோவுக்குப் பணிவாகப் பதில் எழுதினார். வழக்கத்தை மாற்றவில்லை. கொஞ்ச நாளில் நாங்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தோம்.

போன வருடம், நான் பென்ஷன் வாங்கும் வங்கியில் எங்களைப் போன்ற வயதானவர்களை உட்காரவைத்து ஒரு இளைஞர் பாடம் நடத்தினார். ஆள்மாறாட்டம், ஃபிஷிங், ஓடிபி, பாஸ்வேர்டு, இருமுறைச் சரிபார்ப்பு. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யார் சொன்னாலும் வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள் என்றார். நன்றாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் இதெல்லாம் இந்தக் காலத்துக் கொடுமை என்று பேசிக்கொண்டார்கள். இயந்திரம் புதிது, மனிதனை ஏமாற்றும் வழி பழையதுதான் என்று எனக்குப் பட்டது. அதட்டும் ஒரு குரல், அவசரம், பாதி உண்மை. அதற்கு எதிராக நம்மிடம் இருப்பதும் அதே பழைய ஒன்றுதான்: கொஞ்சம் பொறு, யார் என்று பார். ஆனால் ஏமாந்த பிறகு என்ன செய்யவேண்டும் என்பதற்கு அந்த இளைஞரிடம் ஒரே ஒரு வரிதான் இருந்தது. உடனே புகார் கொடுங்கள் என்றார். அந்த ஒரு வரிக்குள் அக்கா நடந்துபோன தூரம் எனக்குத் தெரியும்.

இந்தச் சித்திரையில் தீர்த்தமலைக்குப் போயிருந்தேன். படியில் ஒரு அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்தானே என்றார். டீச்சர். கூட மகள். மகளுக்கே கல்லூரிக்குப் போகிற பையன் இருக்கிறான். அந்த ஆள் இறந்து வெகுகாலமாகிறதாம். அக்காவைப் பற்றித்தான் முதலில் கேட்டார். என்னுடைய செல்போனில் தன் எண்ணைப் பதிந்து கொடுத்தார்.

அடுத்த வாரம் தருமபுரியில் அக்காவின் தம்பி வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு ஒரு காது கேட்பதில்லை. நல்ல காதின் பக்கம் உட்கார்ந்து, டீச்சரைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ள?"

"நல்லா இருக்குதுக்கா. வேலைக்குப் போகுது. அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னா—"

அக்கா கையை உயர்த்தித் தடுத்தார். இனிமேல் பயம் ஒன்றும் இல்லை, அந்த ஆளே இல்லை என்று நான் விளக்கினேன். அவர் தலையை அசைத்தார்.

"இருக்கட்டும். அவங்க வூடு எங்க இருக்குதுன்னு அவங்கதான் சொல்லணும். நீ சொல்லக் கூடாது."

அங்கேயே உட்கார்ந்து டீச்சரைப் போனில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். டீச்சர் சொன்னார்:

"போனை அக்காகிட்ட குடுங்க. நானே சொல்றேன்."