அ கிணறு, ஆ கிணறு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வகுப்பில் சாக்பீஸ் எறிகிற டீச்சர் என்று பெயர் வாங்கியவள் நான். வாங்கிய பெயருக்குக் குறை வைத்ததும் இல்லை. அந்தக் கோபத்தால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோனது. இதை இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உடனே, உங்கள் மேல் என்ன தப்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம்.

எண்பதுகளின் தொடக்கம். விளாங்குடியில் குடியிருந்துகொண்டு, நகரத்துக்குள் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவின் தம்பிக்குக் கீழக்குயில்குடியில் தோட்டம் இருந்தது. மல்லிகை போட்டிருந்தார். அவர் மகளை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். பெண் பெரிய மனுஷி ஆனதும் நிறுத்துவதுதான் வழக்கம். மேல்வகுப்புக்கு பஸ் ஏறிப் போக வேண்டும் என்பது சொல்லிக்கொள்ள வசதியான காரணம். அடுத்த தோட்டம் அவருடைய சித்தப்பா மகனுக்குச் சொந்தம். அந்தப் பங்காளியின் மகளும் அதே வருடம் நின்றாள். இரண்டு பேருக்கும் நாலு மாதம்தான் வித்தியாசம். மூத்தவளான தம்பி மகளைப் பெரியவள், பங்காளி மகளைச் சின்னவள் என்றே சொல்கிறேன்.

வீட்டிலிருந்தபடியே படித்துப் பத்தாவதை பிரைவேட்டாக எழுதட்டுமே என்று பக்கத்து வீட்டு அம்மா தம்பியிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார். ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறிப் பெரியவள் வீட்டுக்குப் போவேன், சின்னவளும் அங்கே வந்துவிடுவாள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் நாலு மணிவரை பாடம். வாரம் முழுவதும் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். அடுத்த ஞாயிறு அதில் ஒன்று குறைந்தாலும் காச்சு காச்சென்று காய்ச்சுவேன். பெரியவள் கணக்கில் புலி, வாய் திறக்க மாட்டாள். சின்னவளுக்குக் கணக்கு ஏறாது. ஆனால் ஒளிவிலகலை அவள் வாயால் கேட்டால் சமையல் செய்யும் அம்மாவுக்குக்கூடப் புரியும். புரிந்ததா என்று அடுப்படியில் போய்க் கேட்டும் வருவாள். இருவரும் ஒரே புத்தகத்தைப் பங்கு போட்டுப் படித்தார்கள். வெளியுலகம் என்று அவர்களுக்கு இருந்தது அவள் இவளுக்கும் இவள் அவளுக்கும்தான்.

ஆனாலும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. தேர்வுக்கான விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பரில் கடைசித் தேதி. படிக்கட்டும் என்று சொன்ன இரண்டு அப்பாக்களும், பரீட்சைக்கு டவுனுக்குப் போய் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார வேண்டும் என்றதும் பார்ப்போம் என்றார்கள். எங்கள் ஊரில் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அறிவியல் கண்காட்சி நினைப்பு வந்தது. நகரத்தில் ஒரு பள்ளியில் வருடாவருடம் நடக்கும். மூன்று எரிமலை, இரண்டு அணைக்கட்டு, தெர்மோகோலில் ஓர் இதயம் எல்லா வருடமும் நிச்சயம் இருக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு மேஜை கொடுங்கள் என்று அந்தத் தலைமையாசிரியை காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கினேன். மகள்கள் பரிசு வாங்குவதை அப்பாக்கள் கண்ணால் பார்த்தால் கையெழுத்து தானாக வந்துவிடும் என்பது என் கணக்கு.

வீட்டைவிட்டு வெளியே போக முடியாத பெண்கள் எதை ஆராய்ச்சி செய்வது? கொல்லைப்பக்கம் கிணறு இருந்தது. மழை தவறிய வருடம் வேறு. ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, தினமும் காலையில் ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் அவரவர் கிணற்றில் தண்ணீர் மட்டத்தை அளக்கச் சொன்னேன். பெரியவள் வீட்டில் பம்புசெட் உண்டு. கிணற்றின் உள்சுவரில் பக்கவாட்டாகத் துளை போட்டு ஊற்றை இழுத்திருந்தார்கள், சைடு போர் என்பார்கள். மோட்டார் ஓடிய நேரத்தையும் அவள் எழுத வேண்டும். சின்னவள் வீட்டில் மாடு கட்டி இறைக்கிற கமலைதான், தண்ணீர் குறைந்துபோனதால் அந்த இறைப்பையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆறு வாரம் இப்படி.

அண்ணன் போட்ட சைடு போரால்தான் தன் கிணறு வற்றுகிறது என்று சின்னவளின் அப்பா இரண்டு வருடமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மழை இல்லாவிட்டால் யார் கிணறும்தான் வற்றும் என்று பெரியவளின் அப்பா சொல்லிவந்தார். இது என் காதிலும் விழுந்திருந்தது. பங்காளிச் சண்டை, நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன். படித்த முட்டாள் என்று என்னைப் போன்றவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

நாலாவது ஞாயிறு நான் போனபோது பெரியவள் வீட்டு வாய்க்காலில் மோட்டார் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தாண்டினேன். உள்ளே போய்ப் பெரியவளின் நோட்டைத் திறந்தால், அன்றைய தேதியில், மோட்டார் ஓடவில்லை என்று எழுதியிருந்தது. சின்னவள் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் புரட்டினேன். சின்னவள் கிணற்றில் மட்டம் நன்றாக இறங்கிய நாளிலெல்லாம் பெரியவள் நோட்டில் மோட்டார் ஓடவில்லை. மற்ற நாளில் ஓடியது. முத்து முத்தான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், அத்தனையும் பொய்.

நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பொய்யை எழுதி வைத்தால் அதற்குப் பெயர் அறிவியல் இல்லை, வாசலில் போடுகிற கோலம் என்றேன். உன்னைப் போன்றவள் பத்தாவது எழுதி என்ன கிழிக்கப் போகிறாள் என்றும் கேட்டேன். சின்னவள் எதிரிலேயே கேட்டேன். பெரியவள் ஏன் அப்படி எழுதினாள் என்று மட்டும் கேட்கவில்லை. அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "இத எழுதித்தான் ஆகணுமா டீச்சர்?" என்றாள்.

ஆகணும் என்றேன். அவள் சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கங்களைக் கிழித்து, மோட்டார் போடும் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு உண்மையான நேரத்தை எழுதினாள். மீதி இரண்டு வாரமும் ஒரு நாள் தவறாமல் எழுதினாள். வரைபடமும் அவள்தான் வரைந்தாள். பெரிய அட்டையில் இரண்டு கோடு. அ கிணறு நீலம், ஆ கிணறு சிவப்பு. நீலம் இறங்கும் இடத்திலெல்லாம் கொஞ்சம் தள்ளிச் சிவப்பும் இறங்கியது. நான் பதினைந்து வருடம் பாடம் எடுத்து அப்படி ஒரு வரைபடத்தைக் கண்டதில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கண்காட்சிக்கு இரண்டு அப்பாக்களும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். வெள்ளை வேட்டி சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. எங்கள் மேஜையைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். சின்னவள் கையில் குச்சியோடு, நான் பழக்கியபடி, கணீரென்று விளக்கினாள். நடுவர்கள் மூன்று தடவை கேள்வி கேட்டார்கள், மூன்றுக்கும் பதில் வந்தது. சிறப்புப் பரிசு என்று அறிவித்தார்கள். இரண்டு பெண்களும் மேடையேறி ஒரே சான்றிதழை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியவளின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கையெழுத்து வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இறங்கி வந்ததும் சின்னவளின் அப்பா மகளைக் கூப்பிட்டு, தனக்கும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் குச்சியை எடுத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"இந்த அ கெணறு யாரோடது தாயி?"

"பெரியப்பாவோடதுப்பா."

"அதுல மோட்டார் ஓடுனா நமக்கு எம்புட்டு எறங்குது?"

"மூணு மணி நேரம் ஓடுனா ஒரு முழம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குச்சியைக் கீழே வைத்தாள். அவர் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணே, இது ஒம் மக வரஞ்சதுதான?"

பெரியவளின் அப்பா அட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திரும்பும்போது அவர்கள் வேறு வேறு பஸ்ஸில் போனார்கள்.

அடுத்த வாரம் சின்னவளின் அப்பா ஊர்க்கூட்டத்தில் அந்த அட்டையைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள்கூட நீலக் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார்களாம். பெரியவளின் அப்பா தன் சைடு போரை அடைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அவர் அடைத்தார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போனது. எதிரெதிர்க் கிணற்றடியில் நின்றாலும் பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்றார்கள். அண்ணன் அடைத்த துளைக்குப் பதிலாகச் சின்னவளின் அப்பா வங்கியில் பம்புசெட்டுக்குக் கடன் கேட்டு எழுதிப் போட்டு, கோடையில் தன் கிணற்றில் இரண்டு துளை போட்டார். அடுத்த வருடம் இரண்டு கிணறும் வற்றின. தண்ணீர் பொதுவானது என்று அந்த வரைபடம் சொன்னதை, எப்படி இழுப்பது என்பதற்கு மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சின்னவளின் அப்பா விண்ணப்பத்தில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். படிப்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று என்னைப் புகழ்ந்தார். அவள் எழுதினாள், தேறினாள். பரீட்சை வரைக்கும் ஞாயிறுகளில் நான் அவளுக்குத் தனியாகப் பாடம் எடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லும் பழக்கம் அவளை விட்டுப் போய்விட்டது.

பெரியவள் வீட்டுக்குக் கடைசித் தேதிக்கு முதல் நாள் போனேன். அவளுடைய அப்பா உட்காரச் சொல்லி, காப்பி கொடுக்கச் சொன்னார். வேலியில் போன ஓணானை எடுத்து அவர் மடியில் விட்டவள் நான், ஆனாலும் அவர் ஒரு வார்த்தைகூட என்மேல் பழி சொல்லவில்லை. "நீங்க தப்பா ஒண்ணும் சொல்லித் தரல டீச்சரம்மா. எம் மக கையாலயே எழுத வச்சீங்களே, அதத்தான் தாங்க முடியல" என்றார். விண்ணப்பத்தை நீட்டினேன். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல். அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

காப்பி டம்ளரை எடுக்க வந்தவள் பெரியவள். இளைத்திருந்தாள். நான் அப்பாவிடம் திரும்பப் பேசுகிறேன், மனம் தளராதே என்று ஏதேதோ உளறினேன். அவள் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். கோபமே இல்லாத குரலில்தான் சொன்னாள்.

"நான் பொய்யா எழுதுனத நீங்க அப்பிடியே விட்ருக்கலாம் டீச்சர். ஒங்களுக்கு ஒரு நோட்டுதான். எங்களுக்கு அம்புட்டும் அதுக்குள்ளதான இருந்துச்சு."

தை பிறந்ததும் அவளைத் திருவாதவூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பத்திரிகை வந்தது. போகவில்லை, எந்த முகத்தோடு போவது.

அதற்குப் பிறகும் இருபது வருடம் வேலை பார்த்தேன். செய்முறை நோட்டுகளில் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதிய அளவுகளும், விடையை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போட்ட கணக்குகளும் கட்டுக்கட்டாக என் மேஜைக்கு வரும். பார்த்ததும் தெரிந்துவிடும். பழைய ஆளாக இருந்தால் நோட்டு ஜன்னல் வழியாகப் பறந்திருக்கும். நான் தலை நிமிராமல், ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் சரி என்று போட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.