மறுபூஜை காணாத பதிவேடு

கீழமாசி வீதிப் பக்கம் எனக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. பழைய கட்டடங்களின் நெற்றியில் பொறித்திருக்கும் ஆண்டுகளை நோட்டில் குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. சமயநல்லூர் தாண்டி வயல்களுக்கு நடுவே நிற்கும் ஜமீன் பங்களாவையும் வெளியிலிருந்து பார்த்துக் குறித்திருக்கிறேன். அதில் வெகுகாலம் ஒரு தனியார் பள்ளிக்கூடம் நடந்தது. பிறகு மூடிவிட்டார்கள். உள்ளே போவதற்கான காரணத்தைக் கொண்டுவந்தவர், கடைக்குக் கரண்டி வாங்க வந்த ஒரு பெண்.

அவர் சத்துணவுக்கூடத்தில் உதவியாளர். சமையலர் ஆவதற்கு, எட்டாம் வகுப்பு படித்த அத்தாட்சி கேட்டிருந்தார்கள். அவர் படித்தது அந்தப் பங்களாவில். சான்றிதழோ, கூரைவீடு எரிந்த அன்றே போய்விட்டது. பள்ளியின் பதிவேட்டைக் காட்டினால் போதும் என்றார்களாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“எங்கப்பா அந்தப் பங்களாக்காரக வயல்ல கூலிக்கு அறுத்தவரு. நான் அங்கனயே படிச்சேன். படிச்சேன்னு சொல்றதுக்கு இப்ப ஒரு ஆளு இல்ல பாய்.”

உரிமையாளரிடம் தொலைபேசியில் அனுமதி வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை காலை இருவரும் போனோம். காவல்காரர் சாவிக்கொத்தோடு நின்றார். முப்பது வருஷமாக அங்கேயே இருப்பவர்.

“ஆபீஸ் ரூம்ல அம்புட்டையும் கரையான் தின்னுருச்சு. இனி கரையானத்தான் சர்ட்டிபிகேட் கேக்கணும்” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பீரோவைத் திறந்ததும் மண் சரிந்தது. கையில் எடுத்த கட்டு பொடியாக உதிர்ந்தது. அந்தப் பெண் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை, செருப்பு வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். வந்ததற்கு எல்லா அறைகளையும் பார்த்துவிடலாம் என்று நான் மட்டும் மேலே போனேன்.

தேக்கு உத்தரம் போட்ட பெரிய அறை ஒன்றில் எட்டாம் வகுப்பு இருந்திருக்கிறது. கரும்பலகையின் வலது மூலையில், எல்லாப் பள்ளிகளிலும் எழுதுவதுபோல, தேதி, பதிவு, வருகை என்று சாக்பீஸ் எழுத்து அழியாமல் இருந்தது. கைப்பேசி நாள்காட்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். அது ஆயுதபூஜைக்கு முதல்நாள்.

இறங்கி வந்து காவல்காரரிடம் கேட்டேன். ஆமாம், பூஜை லீவில்தான் அண்ணன் தம்பிகளுக்குள் தகராறு வந்து பூட்டினார்கள், அதற்குப் பிறகு பள்ளி திறக்கவே இல்லை என்றார்.

நான் படித்த பள்ளியில் பூஜைக்கு முந்தின மாலையே புத்தகங்களையும் பதிவேடுகளையும் சரஸ்வதி படத்துக்கு முன் அடுக்கிவிடுவார்கள். என் நோட்டும் அதில் இருக்கும். விஜயதசமியன்று மறுபூஜை செய்து எடுக்கும்வரை யாரும் படிக்கக்கூடாது என்பதால், மதம் பாராமல் நாங்கள் எல்லோரும் கொண்டாடிய பண்டிகை அது.

“அண்ணே, பூஜைய எங்க போடுவாங்க?”

காவல்காரர் தலையைச் சொறிந்தார். “நெல்லு ரூம்ல.”

மூவரும் போனோம். ஜமீன் காலத்தில் நெல் கொட்டிவைத்த, ஜன்னல் இல்லாத அறை. கல் பாவிய தரை, சொட்டு ஈரமில்லை. சரஸ்வதி படத்தின் கீழே, சந்தனம் காய்ந்த பதிவேடுகள் அடுக்கு குலையாமல் இருந்தன. பொரியை மட்டும் எலிகள் தீர்த்திருந்தன.

நான் கையை நீட்டியதும் அந்தப் பெண் தடுத்தார். “மறுபூஜ முடியாம எடுக்கப்படாது பாய்.”

“இம்புட்டு வருசங்கழிச்சா?” என்று காவல்காரர் சிரித்தார்.

“லேட்டாத்தான் வந்திருக்கேன். வராம இல்லையே.”

செருப்பை வெளியே விட்டு வந்தார். சூடம் இல்லை, காவல்காரரின் தீக்குச்சி எரிந்தது. பழம் இல்லை, என் பையிலிருந்த இருமல் மிட்டாய் படையலானது. பிறகு அவரே சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து என்னிடம் தந்தார்.

நான் தேதிக்காரன், என் விரல் முதலில் பிறந்த தேதிகளின் மேல்தான் ஓடியது. ஒரே பக்கத்தில் ஒன்பது பிள்ளைகள் ஒரே நாளில் பிறந்திருந்தார்கள். “அது ஹெட்மாஸ்டர் குடுத்த பொறந்தநாளு. எங்க தெருவுக்கே அதான்” என்றார். ஏழாவது வரிசையில் அவர் பெயர். எதிரே, எட்டாம் வகுப்பு தேர்ச்சி. ஓரத்தில் ஊதா மையில் அவருடைய அப்பாவின் பெருவிரல் ரேகை. அதன்மேல் தன் விரலை வைத்து, எடுக்காமல் நின்றார்.

பதிவேட்டை யாரிடமும் தரமாட்டேன் என்று காவல்காரரே அதை மடியில் வைத்துக்கொண்டு, மறுநாள் எங்களோடு அலுவலகத்துக்கு ஆட்டோவில் வந்தார். பன்னிரண்டு மணிக்குள் முத்திரை விழுந்தது. ஜும்ஆ தொழுகைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். அடுத்த மாதம் உத்தரவும் வந்தது.

வியாழனன்று கிளம்பும் முன் அந்தப் பெண் மாடியேறி, எட்டாம் வகுப்புப் பலகையருகே போய் ஒரு சாக்பீஸ் துண்டைத் தேடி எடுத்தார். பழைய தேதியை அழித்துவிடாதீர்கள் என்று பதறினேன். அதை அவர் தொடவில்லை. அதன் கீழே அன்றைய தேதியை எழுதினார். பதிவு மூன்று. வருகை மூன்று.