பெர்மிட் வரும் முன்பே கிளம்புகிறோம்

இன்று காலை கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டும்போது டிராவல் ஏஜென்ட் போன் செய்தார்.

"மேடம், பூட்டானுக்கு சொந்த வண்டில போற ரூல் மறுபடியும் மாறுது. புது பெர்மிட் எப்போ வரும்னு தெரியல."

நானும் கணவரும் பழைய வேனில் கட்டில், அடுப்பெல்லாம் பொருத்தி இரண்டு வருடமாகக் காத்திருக்கிறோம். கெஞ்சி வாங்கிய இருபது நாள் லீவு திங்கட்கிழமை தொடங்குகிறது. இதை விட்டால் அடுத்த வருடம்தான்.

உடனே கணவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா பண்ணலாம்? லீவ கேன்சல் பண்ணிடவா?" என்றார்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன்.

"வேணாம், கெளம்பிடலாம். உள்ள வுடலன்னா பார்டர்லயே வண்டிய நிறுத்தி சோறாக்கி துன்னுக்கினு இருப்போம்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஞாயிறு காலை கிளம்புகிறோம். எல்லையில் காத்துக் கிடந்த அனுபவசாலிகளே, எத்தனை கிலோ அரிசி எடுத்துக்கொள்ளலாம்?